நீ தரையில் விட்டுவந்த கோதுகள்

மகனே,

உன் சட்டத்தரணி எனக்கு அனுப்பிய மின்னஞ்சலை மருமகள் பெரிய எழுத்தில் அச்செடுத்து, லண்டனின் அந்தக் கோடி ரெய்னர்ஸ் லேனிலிருந்து இந்தக் கோடி இல்ஃபோர்ட் வரைக்கும் கொண்டுவந்து தந்தாள். மிகவும் மரியாதையான கடிதம். என் வயது, உன் அம்மாவை இழந்த துயரம், துப்பாக்கி விளையாட்டைப் பற்றிய என் அறியாமை ஆகிய காரணங்களால் உன் நடத்தையைத் தவறாக விளங்கிக்கொண்டு பொலிசுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டேன் என்று நான் ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட வேண்டுமாம். அப்படி எழுதிக் கொடுத்தால், பொலிஸ் பறித்த துவக்கு லைசன்ஸைத் திருப்பித் தரும்படி நீ நீதிமன்றத்தில் கேட்டிருக்கும் வழக்குக்கு அது பெரிய பலமாக இருக்குமாம். நீயாக ஒரு வரி எழுதவில்லை. இந்த வீட்டை விட்டு இங்கிலாந்தின் வடக்கே போன நாளிலிருந்து நீ என்னோடு பேசுவதில்லை. மருமகள் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "அவருக்கு என்ன மாமா சொல்லட்டும்?" என்று கேட்டாள். "நானே எழுதிறன் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். சட்டத்தரணி கேட்ட பக்கத்தைத்தான் எழுதப்போகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். நான் எழுதுவது இது.

இதை எங்கள் கோயிலின் பங்கு இதழில் போடும்படி கொடுக்கப்போகிறேன். உன் புது முகவரி எனக்குத் தெரியாது. மருமகளிடம் கொடுத்தால் நீ உறையைப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாய். அச்சில் வந்தால் எங்கள் சனம் வாசிக்கும், வாசித்தால் உனக்குச் சொல்லாமல் இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் சனத்தை நூற்றுக்கு நூறு நம்பலாம். உன் பெயரையோ என் பெயரையோ இதில் எழுதப்போவதில்லை. உன் பெயரை ஒருமுறை அந்நியருக்குச் சொல்லிவிட்டேன், அது எனக்கு ஆயுளுக்கும் போதும். வெட்கமாக இல்லையா என்று நீ கேட்பாய். வெட்கம்தான். ஆனால் இந்தத் தெருவில் எத்தனையோ வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மேல்மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள். கீழே அப்பாமார் ரீவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு எல்லாம் சரிவரும் என்று இருக்கிறார்கள். நானும் அப்படி இருந்தவன்தான்.

அந்தக் கடிதத்தில் அறியாமை என்ற சொல் மட்டும் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நீ வேலையிடத்துச் சிநேகிதனோடு அந்தத் துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்த காலத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. துவக்குக்குப் பயந்து மன்னாரை விட்டு ஓடிவந்தவன் நான். குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்தில், எப்போதாவது ஆயுதம் தொட்டதுண்டா என்று அகதி விசாரணையில் கேட்டபோது, இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன். என் பிள்ளை சந்தா கட்டி, வரிசையில் நின்று, லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வாங்கப்போகிறான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? நீ சிரித்துக்கொண்டே, "அப்பா, இது ஸ்போர்ட். கைத்துவக்கு இஞ்ச வைச்சிருக்க ஏலாது. அந்தச் சின்ன ரவையைச் சுடுற நீளத் துவக்குத்தான் இது. நாங்கள் பேப்பரிலதான் ஓட்டை போடுறம்" என்றாய். அம்மா இடையில் வந்து, "ஓட்டை போடிறதெண்டால் என்ரை பழைய சீலையில போடு, காசு மிச்சம்" என்றாள். நான் ஒரு கிழமை உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா போனபிறகுதான் சுட்ட ரவைகளின் அந்தப் பித்தளைக் கோதுகள் என் கைக்கு வந்தன. சுட்ட கோதுகளைத் துலக்குகிற மெஷின் போடும் சத்தத்துக்கு உங்கள் பிளாட்டில் மேல்வீட்டார் முறைப்பாடு கொடுக்க, நீ அதைத் தூக்கிக்கொண்டுவந்து என் கராஜில் வைத்தாய். சனிக்கிழமைகளில் பை நிறையக் கோதுகளோடு வருவாய். நான் தனியே இருந்து சுவரைப் பார்க்கிறேன் என்று உனக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏதோ உதவி கேட்பது போல என்னைப் பக்கத்தில் இருத்திச் சொல்லித் தந்தாய். சுட்டபிறகு சன்னம் போய்விடும், வெடிமருந்து எரிந்துவிடும், அடியில் இருந்து பொறி தட்டுகிற பிரைமர் செத்துவிடும், மிஞ்சுவது கோது ஒன்றுதான். அதைப் பார்த்துப் பாவித்தால் திரும்பத் திரும்ப ரவையாக்கலாம். அடியில் எந்தக் கம்பனியின் முத்திரை என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். வாய்ப்பக்கம் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, உடல் எங்கேயாவது ஊதியிருக்கிறதா, பிரைமர் இருக்கும் குழி தளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் நாலைந்தை எடுத்துக் குலுக்கினால் நல்லது கிணுகிணுக்கும், வெடித்தது செத்த சத்தம் போடும். கழித்ததைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும், தவறியும் நல்லதோடு கலக்கக்கூடாது. "சந்தேகம் எண்டு வந்தால் எறியுங்கோ அப்பா. ஒரு கோதுக்கு ஆசைப்பட்டால் கண் போயிடும்" என்று நீ சொல்வாய். நான் எறிந்தேன். உன்னைவிடக் கண்டிப்பாக எறிந்தேன். "இவ்வளவு நல்லதை எல்லாம் எறிஞ்சால் நான் எதைச் சுடுறது?" என்று நீயே புலம்பியிருக்கிறாய்.

பிழையும் விட்டேன். துலக்கிய கோதுகளை மெஷினுக்குள் போடும் துலக்கு தூளிலிருந்து பிரிப்பதற்கு, அம்மா மா அரித்த அரிதட்டை நான் எடுத்துக்கொண்டு வந்ததும், நீ அதைப் பறித்து, "அப்பா! இதில ஈயம் இருக்கு! குசினிச் சாமான் ஒண்டும் இதுக்குக் கிட்ட வரப்படாது!" என்று கத்தியதும், அம்மா இருந்திருந்தால் நம் இருவருக்கும் அன்று சோறு கிடைத்திராது என்று நாம் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா? இன்னொரு நாள் கடையில் நீளக் கைபிடி வைத்த காந்தம் ஒன்றை மலிவாகக் கண்டு, முழங்கால் வருத்தத்தோடு குனிந்து கோது பொறுக்கும் உன் கிளப் சிநேகிதர் கென்னுக்கென்று வாங்கிப் போனேன். பித்தளையைக் காந்தம் இழுக்காது என்பது அங்கே போய் எல்லோரும் சிரித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் கென் அதை வாங்கி வைத்துக்கொண்டார். என்னை அந்தக் கிளப்பில் ஒரு ஆளாக மதித்தது அந்த நாளிலிருந்துதான்.

ஞாயிறு பூசை முடிய நாம் இருவரும் எசெக்ஸ் பக்கம் காரில் போவோம். நீ சுடுவாய், நான் பின்னால் உள்ள அறையில் தேநீரோடு இருப்பேன். அங்கே எனக்குப் பிடித்தது சுடுவது முடிந்தபிறகு வருகிற சில நிமிஷங்கள். துவக்குகள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன என்று பொறுப்பானவர் பார்த்துச் சொன்னதும், நின்ற எல்லோரும் குனிந்து தத்தமது கோதைப் பொறுக்கத் தொடங்குவார்கள். பல் வைத்தியரும் குனிவார், தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவரும் குனிவார். கதவடியில் ஒரு வாளி இருக்கும், யாரும் உரிமை கேட்காத கோதுகளைப் போட. அந்த வாளியில் எப்போது பார்த்தாலும் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். தன் கோதை விட்டுவிட்டுப் போகிற ஆளை நான் அங்கே கண்டதில்லை. அவர்கள் கஞ்சத்தனத்தில் குனிவதாக முதலில் நினைத்தேன். பிறகு விளங்கியது, வீட்டில் போய்த் துலக்கி, பார்த்து, நிரப்பி, அடுத்த ஞாயிறும் வரப்போகிறோம் என்ற நினைப்பில்தான் குனிகிறார்கள். நீ எல்லோரையும்விட ஆலாய்ப் பறப்பாய். அடுத்தவர் காலடியில் உருண்டதைக்கூட முத்திரை பார்த்து, "சொறி, இது என்ரை" என்று எடுத்துக்கொள்வாய். எனக்குக் கொஞ்சம் மானக்கேடாகவும் இருக்கும்.

அடுத்து எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதாமல் மற்றது விளங்காது. உங்கள் பிள்ளை பிறந்து ஒரு கிழமைகூட இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே சுவாமியார் வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைச் சேமக்காலையில் நீ ஒருவனாகத்தான் தூக்கி வந்தாய், வேறு எவரையும் பிடிக்க விடவில்லை. நான் உன் தோளில் கை வைத்து, "மனதைத் திடமா வைச்சிரு தம்பி, அவளுக்கு நீதான் பலம்" என்றேன். எல்லோரும் சொல்கிறதைத்தான் நானும் சொன்னேன். அதைவிட உன்னைப் பிடித்து அழவிட்டிருக்கலாம். நீ சொன்னபடி திடமாக இருந்துவிட்டாய். மருமகள் அழுதுகொண்டே இருந்தாள், நீ அழவே இல்லை, அவளால் அதைத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் தன் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று ரெய்னர்ஸ் லேன் போனவள் வரவில்லை. நீ பிளாட்டைக் கொடுத்துவிட்டு, உன் பழைய அறைக்கு ஒரு பெட்டியோடும், துவக்குப் பூட்டி வைக்கிற இரும்பு அலுமாரியோடும் வந்து சேர்ந்தாய்.

முகவரி மாறியதால் பொலிசிலிருந்து ஒருவர் அலுமாரி சுவரோடு சரியாகப் பொருத்தியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். நல்ல மனிதர். மேலே பார்த்துவிட்டு, குசினிக்கு வந்து என்னோடு தேநீர் குடித்தார். மகனைப் பற்றி உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா, வீட்டில் அண்மையில் துக்கம் ஏதும் நடந்ததா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அந்தப் பிள்ளையை மண்ணுக்குள் வைத்து அதிக நாள் ஆகவில்லை, நான் இல்லை என்று சொல்லி அவருக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தேன். உனக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை.

உனக்கு ஒரு பெரியப்பா, என் அண்ணை, இருந்தார், சண்டையில் காணாமல் போனார் என்று மட்டும் சொல்லி வளர்த்தோம். நடந்தது இதுதான். ஒரு விடியக்காலை ஆமி எங்கள் ஊரைச் சுற்றி வளைத்து, ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனது. அங்கே ஒரு ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்டு மூடிய ஒருவன் இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. தலையாட்டி என்று சொல்வோம். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் அந்தப் பக்கம், ஆட்டாவிட்டால் இந்தப் பக்கம். அண்ணை எனக்கு முன்னால் நடந்தார். சாக்கு ஆடியது. பின்னால் நான் நடந்தேன், ஆடவில்லை. அண்ணையை அதற்குப் பிறகு நான் காணவில்லை. சாக்குக்குள் இருந்தவன் எங்கள் ஊர்க்காரன்தான், பெயர் தெரியாதவனுக்குத் தலையாட்டத் தெரியாது. அன்றிலிருந்து எனக்கு ஒரு சட்டம்: சீருடை போட்டவனிடம் ஒருத்தன் பெயரையும் சொல்வதில்லை. லண்டன் வந்தும் விடவில்லை. நான் பஸ் ஓடிய காலத்தில், பக்கத்து வீட்டுப் பெடியன் கடைக் கண்ணாடியை உடைத்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு, விசாரிக்க வந்த பொலிசிடம் நான் அப்போது குனிந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். "சிலிப்பரோட நிண்டுகொண்டு சப்பாத்துக் கட்டின ஆளை நான் இப்பதான் பாக்கிறன்" என்று அம்மா நாள் முழுக்கப் பேசினாள். பேசட்டும் என்று விட்டேன். காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் மட்டும் எனக்கு வரக்கூடாது என்று இருந்தேன்.

முதல் அடையாளத்தை நான் கவனிக்காமல் விட்டேன். கராஜில் நீ கோதுகளைப் பார்க்காமலே நிரப்பத் தொடங்கினாய். துலக்காதது, முத்திரை பிரிக்காதது, எல்லாவற்றையும் கையில் வந்தபடி ரவை நிரப்புகிற மெஷினில் வைத்துப் பிடியை இழுத்தாய். ஒன்றின் வாயில் வெடிப்பு இருக்கிறது என்று காட்டினேன். நீ அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுவும் போகும் அப்பா" என்றாய். கண் போய்விடும் என்று எனக்கு வகுப்பு எடுத்த பிள்ளை! களைப்பு என்று நினைத்தேன். அந்த ஒன்றை நீ பார்க்காத நேரம் எடுத்து நசுக்கினேன். நீ என்னோடு சண்டை பிடிக்காமல் இருந்ததும், நான் சமைத்ததைக் குறை சொல்லாமல் தின்றதும், கேட்காமலே என் காரைக் கழுவி வைத்ததும் எனக்கு அப்போது நல்லதாகவே தெரிந்தன. பிள்ளை தேறி வருகிறான் என்று சுவாமியாரிடம்கூடச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. நீ சுட்டுக்கொண்டிருக்க, கென் தேநீரோடு என் பக்கத்தில் வந்து இருந்து, "உன் மகனுக்குப் பெரிய மனசு" என்றார். ஏன் என்று கேட்டேன். போன கிழமை நீ உன்னுடைய கோதுகள் எல்லாவற்றையும், பிரித்துப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தது அத்தனையையும், அவருடைய காரில் ஏற்றிவிட்டாயாம். தனக்கு இனித் தேவையில்லை என்றாயாம். வேறு விளையாட்டுக்குப் போகிறானோ என்று கேட்டார். அதற்குள் சுடுவது நின்றது, துவக்குகளைப் பார்த்துச் சொன்னார்கள், எல்லோரும் குனிந்தார்கள். நீ குனியவில்லை. துவக்கை உறையில் போட்டு மூடிவிட்டு, சுடாமல் மிஞ்சிய ஒரு பெட்டி ரவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோதுகளுக்கு மேலால் நடந்து வெளியே வந்தாய். ஒன்று உன் சப்பாத்தில் தட்டுப்பட்டு உருண்டது. நீ பார்க்கவில்லை. நான் போய் உன்னுடையதைப் பொறுக்கத் தொடங்கினேன். "விடுங்கோ அப்பா. தேவையில்லை" என்றாய். குரல் அவ்வளவு அன்பாக இருந்தது. காரில் வரும்போது மகனே, உன் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

உன் சட்டத்தரணி எழுதியிருக்கிறார், அந்த விளையாட்டில் உனக்கு ஆர்வம் குறைந்திருந்தது, கோதுகளைக் கொடுத்ததும் பொறுக்காமல் விட்டதும் அதனால்தான் என்று. அவர் கெட்டிக்காரராக இருக்கலாம், கோது பொறுக்கியதில்லை. விளையாட்டை விடுகிறவன் துவக்கை விற்பான், நிரப்புகிற மெஷினை விற்பான், ரவையைச் சுட்டு முடிப்பான் அல்லது கிளப்பில் ஒப்படைப்பான். நீ துவக்கை வைத்துக்கொண்டாய். நிரப்பிய ரவையை வைத்துக்கொண்டாய். நாளைக்கு வேண்டிய கோதுகளை மட்டும் கொடுத்துவிட்டாய். நீ உன்னையே முடித்துக்கொள்ளப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. நினைத்தேன் என்று எழுதவில்லை, தெரிந்தது என்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் உன்னிடமே கேட்டேன். "தம்பி, என்னடா செய்யுது உனக்கு?" என்றேன். "ஒண்டுமில்லை அப்பா. நல்லா இருக்கிறன்" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டு மேலே போனாய். நீ என் கன்னத்தைத் தடவியது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை நீ வேலைக்குப் போனதும், குசினியில் நின்றுகொண்டு பொலிசின் துவக்கு லைசன்ஸ் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண்பிள்ளை பேசினாள். என் மகனிடம் துவக்கு இருக்கிறது, அவன் உயிருக்கு நான் பயப்படுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அமைதியாக, மகனின் பெயர் என்ன என்று கேட்டாள். லைனில் இருக்கிறீர்களா ஐயா என்று கேட்டாள். என் முகத்தில் சாக்கு மூடியிருப்பது போல இருந்தது, அந்தச் சணல் மணம்கூட வந்தது. நான் தப்பிப் பிழைத்து, நாடு விட்டு நாடு வந்து, ஒருத்தன் பெயரும் சொல்லாமல் கிழவனாகி, கடைசியில் சொல்லப்போவது என் சொந்தப் பிள்ளையின் பெயரா என்று கதிரையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அம்மாவும் நானும் தேடித் தேடி வைத்த பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உன் பிறந்த திகதியைச் சொன்னேன். அலுமாரி எந்த அறையில் என்று சொன்னேன். வைத்துவிட்டுக் குசினித் தொட்டியில் சத்தி எடுத்தேன்.

அவர்கள் சுணங்கவில்லை. நீ வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கதவு மணி அடித்தது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும். சத்தம் போடவில்லை, உன்னை ஐயா என்றுதான் அழைத்தார்கள். நீ சாவிக்கொத்திலிருந்து அலுமாரித் திறப்பைக் கழற்றிக் கொடுத்தாய். துவக்கையும் ரவைகளையும் வெடிமருந்தையும் கொண்டுபோய் வாகனத்தில் வைத்தார்கள். உன் மனத்துயரத்தைப் பற்றி உன்னோடு பேசுவதற்கு வேறு ஆட்கள் வருவார்கள் என்றாள் அந்தப் பெண். அவர்கள் வெளியே நிற்கும்போது நீ ஹோலில் என்னைப் பார்த்துத் திரும்பினாய். "ஆர் சொன்னது?" என்றாய். "நான்தான்" என்றேன். "நீங்களா? நீங்கள் அப்பா?" என்று கேட்டாய். பிறகு, பெரியப்பாவின் கதை தெரியாமலே, எங்கிருந்து அந்தச் சொல் உன் வாயில் வந்ததோ தெரியாது, "என்னைக் காட்டிக்குடுத்திட்டீங்கள்" என்றாய். ஓம் என்றேன்.

நீ வடக்கே போய்விட்டாய். அங்கே வேலை கிடைத்திருக்கிறது, கிழமைக்கு ஒருமுறை யாரிடமோ போய்ப் பேசுகிறாய், இரண்டு தடவை மருமகளிடம் அழுதிருக்கிறாய் என்றெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அழுததைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன் என்றால் கோபிக்காதே. அவளோடு இன்னும் பேசு. பிள்ளையைப் பற்றிப் பேசு. அந்தப் பெயரைச் சொல்ல அவளுக்கு வேறு ஆள் இல்லை, என்னிடம்தான் சொல்கிறாள். கென் போன மாதம் வந்து உன் கோதுப் பெட்டிகளைத் திருப்பித் தந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெட்டிகளை ஏன் தருகிறாய் என்று உன்னிடம் கேட்காமல் விட்டதற்குத் தன்னைத் திட்டிக்கொண்டார். வெறுங்கோது வைத்திருக்க இந்த நாட்டில் லைசன்ஸ் வேண்டியதில்லை, ஆனாலும் நான் அவற்றைப் பழைய உலோகக் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். நீ கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கோது கிணுகிணுக்கும் அந்தச் சத்தத்தை இந்த வீட்டில் இனி என்னால் கேட்க முடியாது.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணையிடம் கேட்கிறேன், ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன், ஏனென்று எனக்கே தெரியாது. உன்னிடம் கேட்க ஒன்றுமில்லை. நாளைக்கு அதே நிலை வந்தால் அதே பெயரை அதே மாதிரிச் சொல்வேன். நீ என்னை வெறுத்துக்கொண்டு நாற்பதும் ஐம்பதும் அறுபதும் ஆவாயானால் எனக்கு அது போதும். என் சாவுக்கு நீ வராவிட்டாலும் பரவாயில்லை.

சட்டத்தரணி கேட்ட அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் ஒன்று. அன்று ஹோலில் நடந்ததை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். ஆர் சொன்னது என்று நீ கேட்டாய். நீங்களா என்று கேட்டாய். ஏன் சொன்னீர்கள் என்று நீ கேட்கவில்லை. நான் பிழையாக விளங்கியிருந்தால், உனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லாதிருந்தால், முதலில் வாயில் வந்திருக்க வேண்டிய கேள்வி அதுதானே மகனே? அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. ஆகவே நீ வா. இந்த மேசைக்கு எதிரில் வந்து இருந்து, என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நீங்கள் நினைச்சது பிழை" என்று ஒருதரம் சொல்லு. சட்டத்தரணி எழுதித் தரும் எதிலும் கையொப்பமிடுகிறேன், நான் கிழவன், மூளை குழம்பியவன் என்று நீதிமன்றத்திலும் வந்து சொல்கிறேன்.

அப்படிச் சொல்ல முடியாவிட்டாலும் வா.

அப்பா